மூன்று வரிச் சாற்றுகவி

போன டிசம்பரில் ஒரு பதிப்பாளர் கூப்பிட்டார். "தோழர், புத்தகக் காட்சிக்கு முன்னாடி முகநூல்ல போடணும். மூணு வரி குடுங்க, உங்க பேர் இருந்தா நகரும்." துப்புரவுப் பணியாளரான தன் அம்மாவைப் பற்றி ஒரு பெண் எழுதிய முதல் புத்தகம். 120 பக்கத்தில் 40 பக்கம் படித்திருந்தேன். குடுத்தேன். மறுநாள் அது படமாக வந்தது. என் முகம் பெரிசாக. புத்தக அட்டை ஓரத்தில், தபால்தலை அளவுக்கு. ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணே பேசினார்: "தோழர், 'மௌனத்தின் மொழி'ன்னு எழுதியிருக்கீங்க. எங்கம்மா புத்தகம் பூரா பேசிக்கிட்டுத்தானே இருக்கு? சண்டை போட்டுக்கிட்டுல்ல இருக்கு?"

பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தவர் புத்தகத்தைப் புகழ யாருக்கு உரிமை என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் அதைச் சட்டமாகவே வகுத்திருக்கிறது. சிறப்புப்பாயிரம் சொல்லத் தக்கவர்கள் நான்கு பேர்: நூல் செய்தவனின் ஆசிரியன், கூடப் படித்தவன், மாணவன், தகுதியுள்ள உரைகாரன். நான்கு பேருமே பிரதியோடோ அதை எழுதியவனோடோ முன்னமே உறவுள்ளவர்கள். வெளியிலிருந்து பெயரை மட்டும் கடன் கொடுக்க வந்தவர் அதில் கிடையாது. பாயிரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கும் பட்டியல் உண்டு. செய்தவன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களம், காரணம் சேர்த்தால் பதினொன்று. 'அற்புதம்' என்பது இதில் ஒன்றுகூட இல்லை! ஆனால் இந்த நான்கு பேரும் கல்வி பெற அனுமதிக்கப்பட்ட ஒரு வட்டத்துக்குள் இருந்தவர்கள். அந்த வட்டத்துக்குள் யார் நுழையலாம் என்பதைத் தீர்மானித்தது இலக்கணம் அல்ல, சாதி. ஆகவே பழசு பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை.

1835இல் அச்சகம் வைப்பதற்கிருந்த தடைகள் நீங்கின. ஓலையில் இருந்தது தாளுக்கு வந்தது. கூடவே சாற்றுகவிகளும் பெருகின. அந்தக் காலப் பதிப்பு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். நூல் தொடங்குவதற்கு முன் பக்கம் பக்கமாகப் புகழ்ப் பாட்டுகள். எனக்குச் சுவாரசியமாகப் படுவது பாட்டல்ல, பாட்டுக்கு மேலே உரைநடையில் வரும் தலைப்பு: இன்ன ஊர், இன்ன ஆதீனத்து வித்துவான், இன்ன பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர் இன்னார் இயற்றியது. பாட்டைப் பலரும் தாண்டிப் போயிருப்பார்கள், தலைப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அதிகாரம் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். மீனாட்சிசுந்தரம் பிள்ளை பலருடைய நூல்களுக்குச் சிறப்புப்பாயிரம் பாடிக் கொடுத்தவர். கேட்டு வருகிறவரை அவர் ஏன் திருப்பி அனுப்பவில்லை என்பதை இப்போது என்னால் கொஞ்சம் புரிந்துகொள்ள முடிகிறது. 'இல்லை' என்று சொல்வதைவிட நாலு அடி எழுதிவிடுவது சுலபம்.

இதில் காசும் கலந்திருந்தது. அச்சிடும் செலவை முன்கூட்டியே திரட்டக் கையொப்பம் வாங்குவது வழக்கம். உ.வே.சா. சீவகசிந்தாமணியை 1887இல் கொண்டுவந்ததும் அப்படித்தான். யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதைப் பார்த்து அடுத்தவர் போடுவார். இன்று யார் 'பகிர்ந்திருக்கிறார்' என்று பார்க்கிறோமே, அதேதான்.

இந்த வாசலில் நிற்க மறுத்தவர்களும், நிற்க இடம் கிடைக்காதவர்களும் என்ன செய்தார்கள்? அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தனக்கென ஒரு பத்திரிகையே தொடங்கினார். விலையைத் தலைப்பிலேயே வைத்தவருக்கு எந்த மடத்து வித்துவானும் தேவைப்படவில்லை. ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. 1914இல் அவர் இறந்த பிறகு, 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வரும்வரை, பொதுவான தமிழ் வாசிப்பில் அவர் கிட்டத்தட்ட இல்லை. பரிந்துரை இல்லாமல் எழுதலாம். நினைவில் நிற்பதற்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து முழுசாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

பாரதி வேறு வழி பார்த்தார். 1920இல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிடப்போவதாகச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி அவை விற்கும் என்று நம்பினார். தன் புகழைத் தானே சொல்லிக்கொள்ளவும் கூசவில்லை. நன்னூலே சில இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்கிறது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்கும்போது என்பது அதில் ஒன்று. பாரதி நின்றது அங்கேதான். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செத்துப்போனார்.

புதுமைப்பித்தன் 1943இல் 'காஞ்சனை' தொகுப்புக்குத் தானே முன்னுரை எழுதி, விமர்சகர்களின் அளவுகோல்களைத் தன் கதைகளுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பதாகச் சொன்னார். அந்தத் திமிர் முதல் புத்தகம் போடும் பெண்ணுக்குக் கட்டுப்படியாகுமா? ஆகாது. ஆகையால்தான் என் மூன்று வரி அவர் தலையில் விழுந்தது. 'மௌனம்', 'வலி', 'விளிம்பு' என்று நாங்கள் சிறுபத்திரிகைகளில் உருவாக்கிய சொல்லாடல், சத்தமாகப் பேசும் ஒரு அம்மாவின் வாயைப் பொத்தியது. அதுவும் பாராட்டாக.

மீதி 80 பக்கத்தை அந்தத் தொலைபேசிக்குப் பிறகுதான் படித்தேன். சம்பளப் பாக்கிக்காக அந்த அம்மா அலுவலக வாசலில் மேஸ்திரியோடு போடும் சண்டை மட்டும் 14 பக்கம். அதைப் பற்றி, எனக்கு ஒப்புதல் இல்லாத இடங்களையும் சேர்த்து, ஆறு பக்கம் எழுதி அவருக்கு அனுப்பினேன். அவர் பதிப்பாளருக்குக் காட்டியிருக்கிறார். நேற்று மறுபடி அழைப்பு: "தோழர், நல்லா வந்திருக்கு. இதுலேர்ந்து ஒரு ரெண்டு வரி எடுத்துக்கலாமா?"

எழுதியவரைக் கேளுங்க என்றேன்.