சிந்தாதேவி தந்த பாத்திரம்

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மன்றத்தார் கேட்டார்கள். வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு மாலைதோறும் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித் தருகிறவர்கள் கேட்டால், ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன் தட்டிக்கழிக்க முடியுமா? மன்றம் பிறந்த கதையையும், முதல் வகுப்பு நடந்த இடத்தையும், படித்து மேலே போன பிள்ளைகளையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவையெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மலரின் மற்றப் பக்கங்களிலும் வரும். எனக்குப் பழக்கமானவை ஏடும் கல்வெட்டும்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நகரத்து ஏழைப் பிள்ளையின் படிப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் என் மனம் மணிமேகலைக்குப் போய்விடும். ஆபுத்திரனைப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்குக்கூட அவன் கதை பாதிதான் நினைவிருக்கும்: பசுவைக் காத்தவன், அமுதசுரபி பெற்றவன். சீத்தலைச் சாத்தனார் சொல்லும் விவரங்களோ நெஞ்சை அறுப்பவை. பெற்றவள் தோட்டத்தில் விட்டுச் சென்ற குழந்தை அவன். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிக் காத்தது. வயனங்கோடு என்னும் ஊரின் அந்தணன் இளம்பூதி எடுத்து வளர்த்து, வேதமும் ஓதுவித்தான். யாரோ ஒருவர் மனம் இரங்கியதால் கல்வி வாய்த்த பிள்ளை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவில் அவன் அவிழ்த்துச் சென்றபோது ஊரார் பிடித்து அடித்தார்கள், பிறப்பைச் சொல்லிப் பழித்தார்கள், வளர்த்தவனே கைவிட்டான். பிச்சைக்குப் போனால் ஓட்டில் கல்லைப் போட்டார்கள். அத்தனை கற்றவனுக்கு அந்த ஊரில் கிடைத்தது அதுதான்.

அவன் மதுரைக்கு வந்தான். கலைக்குத் தெய்வமான சிந்தாதேவி கோயிலின் முன்னால் இருந்த அம்பலத்தில் தங்கினான். மாநகரத்து வீடுதோறும் இரந்து, கண்ணில்லாதவர், காது கேளாதவர், நடக்க இயலாதவர், நோயாளிகள், யாருமற்றவர் என்று எல்லோரையும் கூவி அழைத்து ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினான். மழைக்காலத்து நள்ளிரவு ஒன்றில் பசியோடு வந்த வழிப்போக்கர்கள் அவனை எழுப்பினார்கள். கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் கலங்கி நின்றபோது சிந்தாதேவி வெளிப்பட்டு, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தைக் கையில் தந்தாள்.

வந்தவள் யார் என்று பாருங்கள்: கலைமகள். நம் தலபுராணங்களில் அவள் அருள்வது எப்படி என்று நமக்குத் தெரியும். நாவில் எழுதுவாள், ஊமையைப் பேச வைப்பாள், பேதையைக் கவிஞன் ஆக்குவாள். இங்கே அவள் தந்தது சோற்றுப் பாத்திரம். இந்தக் காதையை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் நான் ஒரு கேள்வி போடுவது வழக்கம்: கல்விக்கு உரிய தெய்வம் ஏடு தராமல் ஏன் ஓட்டைத் தந்தாள்? முன் வரிசையிலிருந்து தத்துவம், குறியீடு என்று விடை வரும். ஒரு முறை கடைசி வரிசையில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, "வெறும் வயித்துல படிப்பு ஏறாது சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கூடை தூக்கிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவன் என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பின் அந்தக் காதைக்கு அதைவிட நல்ல உரையை நான் தேடவில்லை.

அதே பாத்திரம் பின்னால் மணிமேகலையின் கைக்கு வருகிறது. புகார் நகரத்துச் சிறையில் இருந்தவர்களுக்கு அவள் உணவளித்து, அரசனிடம் வேண்டி, அந்தச் சிறையையே அறச்சாலையாக மாற்றச் செய்கிறாள். சீர்திருத்தப் பள்ளி என்ற எண்ணமே உலகில் தோன்றாத காலத்தில் எழுதப்பட்ட காட்சி இது. தமிழன் என்ற முறையில் இதைச் சொல்லும்போது எனக்குச் சற்று நெஞ்சு நிமிர்வது உண்மை. அதை மறைக்கவில்லை.

காப்பியம் கற்பனைதானே என்று கேட்பவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் நடந்த கல்லூரியில் 340 மாணவர்கள் படித்தார்கள். இளைய மாணவன் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல் என்று கணக்குப் போட்டுக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இன்னும் நுணுக்கமானது. கோயிலைச் சார்ந்து ஒரு பள்ளி, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனை மூன்றும் அங்கே இருந்தன. விடுதி மாணவர்களுக்குச் சோறு மட்டும் ஒதுக்கி நிறுத்திக்கொள்ளவில்லை. படுக்கப் பாய், சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்கு எண்ணெய், இரவில் எரிய விளக்கெண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் நிவந்தம் இருக்கிறது. இராப்பாடத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று யாரோ ஓர் ஊர்ச்சபைக் கணக்கன் நினைத்து எழுதிவைத்திருக்கிறான். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அந்த விளக்கை மறக்க வேண்டாம்.

ஆனால் அந்த விளக்கின் கீழ் உட்கார்ந்தவர் யார்? வேதமும் வியாகரணமும் ஓதியவர்கள். உழுதவன் பிள்ளைக்கும் பறையடித்தவன் பிள்ளைக்கும் அங்கே இடமில்லை. இத்தனைக்கும் பாண்டிய மன்னன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், கற்றவன் கீழ்க்குலத்தில் பிறந்திருந்தாலும் மேற்குலத்தான் அவனிடம் பணிந்து நிற்பான் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடி வைத்துவிட்டான். புறநானூற்றின் 183ஆம் பாட்டு. நாடாள்பவன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்தது தமிழுக்குப் பெருமை. அது பாட்டிலேயே தங்கிவிட்டது நமக்குப் பெருமை அல்ல. வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம், கல்லாமைக்கு ஓர் அதிகாரம் என்று இரண்டு வகுத்தார். எந்த இடத்திலும் இன்னாருக்குக் கல்வி, இன்னாருக்கு இல்லை என்று அவர் கோடு போடவில்லை. போட்டவர்கள் நாம்.

அந்தக் கோடு சென்னைப் பட்டணத்தில் எப்படி அழியத் தொடங்கியது என்பது தனி நூலுக்குரிய பொருள். எனக்கு மிகவும் பிடித்த இருவரை மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் பச்சையப்ப முதலியார். 1754இல், தந்தை இறந்த பின் பிறந்தவர். ஆதரவின்றி நின்ற குடும்பத்துக்கு நாராயண பிள்ளை என்ற துபாஷி கைகொடுத்ததால் பட்டணத்தில் தலைதூக்கியவர். பெருஞ்செல்வம் சேர்த்து 1794இல் மறைந்தார். அவர் எழுதிவைத்தது பெரும்பாலும் கோயில் அறங்களுக்கே. பணம் பல கைகளில் சிக்கி, வழக்கு மன்றம் ஏறி, ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயற்சியால் எஞ்சிய தொகை கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842 சனவரி முதல் நாள் பள்ளி திறந்தது. அரசையோ மிஷனையோ நம்பாமல் இந்தியர் ஒருவரின் அறப்பணத்தில் நடந்த பள்ளி. பிறர் ஆதரவில் வளர்ந்தவரின் பணம் பிறர் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. அவருடைய அறக்கட்டளைக்கும் ஒரு கோடு இருந்தது. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் நெடுங்காலம் அதன் வாசலுக்கு வெளியில்தான் நின்றார்கள்.

அவர்களுக்காக வந்தவர் கர்னல் ஆல்காட். அமெரிக்கர், உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர், வழக்கறிஞர், பிரம்மஞான சபையின் தலைவர். அடையாற்றில் சபையைச் சுற்றியிருந்த சேரிகளில் ஒரு பள்ளி கூட இல்லாததைக் கண்டு 1894இல் ஊரூர் அருகே இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அவை பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளிக்கு அவர் வைத்த பெயர் திருவள்ளுவர். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் பள்ளிக்கு ஓர் அமெரிக்கர் வள்ளுவர் பெயரைத் தேர்ந்தெடுத்த காலத்தில், பட்டணத்துப் புலவர்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளிப் படி ஏறியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பது நமக்கு நல்லது.

அந்தப் பள்ளிகளில் பாடம் தமிழில் நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பாமர், கோர்ட்ரைட் ஆகிய பெண்மணிகள் அங்கே கிண்டர்கார்டன் முறையைப் புகுத்தினார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளிலேயே பலருக்குக் கிட்டாத முறை சேரிப் பிள்ளைகளுக்கு வந்தது. கோர்ட்ரைட் அம்மையார் தம் அனுபவத்தை 1906இல் நூலாகவும் எழுதினார். ஆல்காட்டின் நோக்கம் தொடக்கக் கல்வியோடு நின்றது. எளிய வேலைக்குப் போதுமான படிப்பு போதும் என்று அவர் கருதினார். அதில் எனக்கு உடன்பாடில்லை. கதவைத் திறந்தவரே உள்ளே இவ்வளவு தூரம்தான் வரலாம் என்று சொன்ன மாதிரி அது. இந்தக் குறையோடும் அவரை வணங்குகிறேன். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் அவரோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும், பின்னால் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியதும், அவ்விதழில் மணிமேகலையை மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசியதும் ஒரே நூலில் கோத்த மணிகள். அந்தப் பள்ளிகளில் முதலாவது, ஆல்காட்டின் பெயரோடு இன்றும் பெசன்ட் நகரில் நடக்கிறது.

மயிலாப்பூரில் 1905இல் சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் அருளால் தோன்றிய ஏழை மாணவர் இல்லத்தைப் பற்றியும் எழுத ஆசை. இடம் போதாது, மலர்க் குழுவினர் ஏற்கெனவே இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்கள்.

சிந்தாதேவியின் பாத்திரத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதைச் சென்னையில் மறுபடி கையில் எடுத்தவர் நம் வடசென்னைக்காரர். தறி வைத்து நெசவுத்தொழில் நடத்திய பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தருவதென்று மாநகராட்சி மன்றம் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. 1922-23இல் அந்த ஐந்து பள்ளிகளில் 811 பிள்ளைகள்; 1924-25இல் 1,671. இரண்டே ஆண்டில் இரட்டிப்புக்கு மேல். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவு செய்யக் கூடாது என்று அன்றைய அரசு தடுத்ததால் 1925 ஏப்ரலில் சிற்றுண்டி நின்றது. கோப்பில் ஒரு தலைப்பு மாறியதில் ஓரணாப் பலகாரம் போயிற்று. பின்னால் காமராசர் மதிய உணவையும், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவையும் கொண்டு வந்தார்கள். 2022இல் காலை உணவும் வந்துவிட்டது. கலைமகள் ஆபுத்திரனுக்குக் கொடுத்ததை இன்று அரசாங்கம் கையில் வைத்திருக்கிறது. தமிழ்நாடு இதற்காக நிமிர்ந்து நடக்கலாம்.

அப்படியானால் நம் மன்றத்தைப் போன்றவர்களுக்கு மிச்சமிருப்பது என்ன? திருமுக்கூடல் கல்லில் உள்ள இரா விளக்கு.

பள்ளி நான்கரை மணிக்கு முடிந்துவிடுகிறது. குடிசைமாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில் ஒரே அறை. தொலைக்காட்சி, தம்பி தங்கை, வேலைக்குப் போய்த் திரும்பும் அப்பா எல்லோருக்கும் அதுதான் வீடு. பத்தாம் வகுப்புப் பெண் மாடிப்படித் திருப்பத்தில், விளக்கு எரியும் இடத்தில், கடந்து போகிறவர்களுக்குக் கால் ஒதுக்கிக்கொண்டு கணக்குப் போடுகிறாள். இதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தப் படிக்கட்டும் புதிது, பள்ளியும் புதிது. அவர்களில் பலரின் படிப்பு அறுந்தது அந்த ஆண்டில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, படிப்பைவிட அலைச்சலானது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று சலுகைகள் நிறைய: முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு, பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என மாதம் 1,000 ரூபாய். இவற்றுக்குச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், பெயரில் எழுத்துப்பிழை இல்லாத வங்கிப் புத்தகம் வேண்டும். அம்மா வீட்டுவேலைக்கு விடுப்புப் போட்டு இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் இன்னொரு நாள். மன்றத்துத் தம்பி ஒருவர் இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறார். யாருக்கு எந்தச் சான்று பாக்கி என்று வரிசையாக எழுதி, வந்ததை அடித்துக்கொண்டே வருகிறார். என் கண்ணுக்கு அந்த நோட்டு எண்ணாயிரத்து நெல் கணக்குக்குச் சற்றும் குறைந்ததல்ல.

அன்பர்களே, விழாவுக்குப் பொன்னாடையோடு வரப்போகிறீர்கள். என் தோளுக்கு வேண்டாம்; வீட்டில் வைக்க இடமில்லை. அந்தப் பணத்தை மன்றத்தின் மின்கட்டணத்துக்குக் கொடுத்துவிடுங்கள். சனவரி முதல் பொதுத்தேர்வு முடியும்வரை கூடத்தை இரவு பத்து மணி வரை திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளைகளை வீடு வரை கொண்டுபோய் விட அக்காமார் இருவர் வேண்டும். கணக்கும் அறிவியலும் சொல்லித்தர ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். ஆங்கிலத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. தமிழுக்குச் செவ்வாயும் வெள்ளியும் நான் வருகிறேன். மற்ற நாட்களுக்கு இந்த மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டும்.