பதிதமும் பிணக்கும்: கம்பம் பள்ளத்தாக்கின் இரு மருங்கிலும்

தேனியிலிருந்து தெற்கே கூடலூர் வரையில் நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், இராயப்பன்பட்டிப் பனிமய மாதா கோயில் முதலாகக் கத்தோலிக்கர் நெடுங்காலமாய் வேரூன்றிய ஊர்கள் பல உண்டு. வடக்கே பெரியகுளத்திலோ அமெரிக்க மதுரை மிஷன் நிலையம் அமைத்து வளர்த்த சபை இன்று தென்னிந்தியத் திருச்சபையாக விளங்குகிறது. அயலார் கண்ணுக்கு இவர்கள் எல்லோரும் ஒரே வேதக்காரர். ஆயினும் ஒருவரையொருவர் எந்தப் பெயரால் அழைப்பது என்பதில் இவர்களுடைய முன்னோர் மிகவும் கண்டிப்பாயிருந்தார்கள். பழைய கத்தோலிக்கத் தமிழில் லுத்தரின் வழி வந்தவர்க்கு வழங்கிய பெயர் 'பதிதர்' என்பது. அச்சொல்லைச் சண்டைக்காரர் வாயில் கேட்டு ஒரு வசவு என்று எண்ணுவோர், அது ஒரு நியாய சாஸ்திர நிர்ணயம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

திருச்சபைச் சட்டத்தின்படி ஒருவன் பதிதனாவதற்கு அவன் முதலில் ஞானஸ்நானம் பெற்றவனாயிருத்தல் வேண்டும். அவன் மறுக்கும் பொருள், கடவுள் வெளிப்படுத்தியதென்று சபை அறுதியிட்டுப் போதித்த சத்தியமாயிருத்தல் வேண்டும். இன்னதென்று எடுத்துரைத்த பின்னும் அவன் பிடிவாதமாய் மறுத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது அறியாமையாகவோ, அபிப்பிராய பேதமாகவோ, கீழ்ப்படியாமையாகவோ இருக்கலாமேயன்றிப் பதிதமாகாது. இந்த நுண்ணிய பேதம் நடைமுறையில் எவ்வாறு காக்கப்பட்டது, எவ்வாறு கைநழுவிற்று என்பதற்கு, இப்பள்ளத்தாக்கின் கிழக்கே மதுரையும், மேற்கே மலைக்கு அப்பாலுள்ள மலையாள நாடும் இரு பெரும் சாட்சிகள்.

இப்பள்ளத்தாக்கு மதுரை நாயக்கர் ஆட்சியில் அடங்கியிருந்த காலத்தில், 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்து, சந்தனம் பூசி, புலால் நீக்கி, பொன்னிழை மூன்றும் வெள்ளிழை இரண்டுமாகத் திரித்துச் சிலுவை கோத்த பூணூலை மார்பில் அணிந்து, தத்துவ போதக சுவாமியாக வாழ்ந்தார். மூன்றிழை திரித்துவத்தையும், இரண்டிழை கிறிஸ்துவின் ஆன்மாவையும் உடலையும் குறிப்பன என்பது அவர் கூறிய விளக்கம். அவருக்கு முன்பே மதுரையில் பணியாற்றி வந்தவரும், போர்வீரராயிருந்து துறவியானவருமாகிய கொன்சாலோ பெர்னாண்டஸ் பாதிரியார்க்கு இது புறச்சமயக் கலப்பாகத் தோன்றவே, 1610இல் மேலிடத்துக்கு முறையிட்டார். 1619இல் கோவாவில் கூடிய சபையில் பேராயர் நொபிலியை எதிர்த்தார்; சமய விசாரணை மன்றத்தைச் சார்ந்த அல்மெய்தாவோ அவரை ஆதரித்தார். பதிதரைத் தேடித் தண்டிப்பதே தொழிலாயிருந்த மன்றத்தைச் சார்ந்தவர் பதிதம் இல்லையென்று கண்டதும், மேய்ப்பராயிருந்தவர் ஐயுற்றதும் வேடிக்கையன்றோ? வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் அடங்கிற்று: பூணூலும் குடுமியும் சாதிக்கும் கல்விக்கும் உரிய உலகியல் அடையாளங்களா, அன்றித் தெய்வ வழிபாட்டின் உறுப்புகளா? முன்னதே என்று கொண்ட பதினைந்தாம் கிரகோரியார், மூடநம்பிக்கைக்கு இடமின்றி அணிவதாயின் தடையில்லையென்று 1623 ஜனவரி 31ஆம் நாள் ஆணையிட்டார்.

அத்துடன் விவாதம் ஓயவில்லை. 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதராகிய தூர்னோன் பிறப்பித்த ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும், கலியாணத்தில் தேங்காய் உடைப்பதையும், பெண் பூப்பெய்தினால் கொண்டாடுவதையும் விலக்கிற்று. எல்லாவற்றினும் நம்மவர்க்குக் கடினமாயிருந்தது எச்சில் விஷயம்: ஞானஸ்நானச் சடங்கில் குரு தம் உமிழ்நீரைத் தொட்டுப் பூசுவது அன்றைய ரோமை முறை; எச்சிற்பட்ட பாத்திரத்தையே தனியே வைக்கும் தமிழரிடம் அதைச் செய்ய இயேசு சபையார் கூசி விட்டிருந்தனர், விடலாகாது என்றார் தூர்னோன். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இத்தடைகளைப் பெரும்பாலும் உறுதி செய்ததோடு, இங்கு வரும் குருக்கள் அவற்றைக் காப்பதாகச் சத்தியம் செய்தல் வேண்டுமென்று விதித்தார். அச்சத்தியப் பிரமாணம் 1940 வரை நீடித்தது. இத்தனை கடுமைக்கு நடுவிலும் நொபிலியையோ அவர் வழி வந்தோரையோ பதிதர் என்று ரோமை தீர்மானிக்கவில்லை. தடுக்கப்பட்டது வழக்கம், விசுவாசம் அன்று.

மலைக்கு மேற்கே, மலையாள நாட்டில், நிகழ்ந்தது வேறு; அதன் வேரோ மிகப் பழையது. மரியன்னையைக் கடவுளின் தாய் என்னாமல் கிறிஸ்துவின் தாய் என்றே சொல்லவேண்டுமென்ற நெஸ்தோரியார், 431இல் எபேசுப் பொதுச் சங்கத்தில் பதிதரெனத் தள்ளப்பட்டார். அவர் பெயரைப் போற்றிய கீழைச் சபையின் ஆயர்களை நெடுங்காலம் ஏற்றிருந்த தோமா கிறிஸ்தவர்களை, 1599 ஜூன் மாதம் உதயம்பேரூரில் சங்கமாய்க் கூட்டிய கோவாப் பேராயர் மெனேசிஸ், அப்பெயரை வழிபாட்டிலிருந்து நீக்கினார். சிரியாக் ஏடுகளைத் திருத்தவும் எரிக்கவும் செய்தார். அதே சங்கம் குருமார் மனைவியரைத் தள்ளி வைக்கவும் கட்டளையிட்டது. குருவின் இல்லறம் ஒழுங்கைப் பற்றியதேயன்றிச் சத்தியத்தைப் பற்றியதன்று. கீழைச் சபைகள் பலவற்றில் ரோமையே அதற்கு இசைந்திருந்தது. பதிதத்தைக் களைய வந்தவர் தமக்குப் பழக்கமற்ற யாவற்றையும் அதனோடு சேர்த்துக் களைந்தார் என்பதே என் துணிபு. 1653 ஜனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் கூனன் குருசு என்னும் சிலுவையின் முன் அம்மக்கள் எடுத்த ஆணை, கோட்பாடு எதையும் மறுக்கவில்லை; போர்த்துக்கீசிய இயேசு சபையாரின் ஆளுகையையே மறுத்தது. இதற்குப் பெயர் பிரிவினை. எபேசுச் சங்கத்துக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1994 நவம்பரில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பாலும் கீழைச் சபையின் முதுபெருந்தந்தை மார் தின்காவும் ஒப்பமிட்ட அறிக்கை, இரு திறத்தாரும் ஒரே விசுவாசத்தையே வெவ்வேறு சொற்களால் அறிக்கையிட்டு வந்தனர் என்கிறது. எரிந்த ஏடுகள் எரிந்தனவே.

மதுரைச் சீமையும் பிரிவினைக்கு அயலாயிருக்கவில்லை. 1838இல் ரோமை இங்கே கோவாவின் அதிகாரத்தைக் குறைத்தபோது, கோவா குருக்களும் மறுபடி வந்த இயேசு சபையாரும், அதே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி அதே ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, கோயில் சாவிக்காக வழக்காடினர். 1886ஆம் ஆண்டு உடன்படிக்கையால்தான் அது பெரும்பாலும் தணிந்தது.

சீர்திருத்தச் சபையாரைப் 'பேதகமறுத்தல்' முதலிய நூல்களால் வீரமாமுனிவர் சாடிய வேகம் தமிழ் அறிந்தார்க்குத் தெரியும். அச்சபையாருள் பலரோ தம்முள் ஆயர் வேண்டுமா என்று மாறுபட்டும், ஒருவரையொருவர் பதிதரென்னாது, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையாய் ஒன்று கூடினர். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், பிரிந்த சபைகளில் பிறந்து வளர்ந்தோர்மேல் பிரிவினைப் பாவத்தைச் சுமத்துவதற்கில்லை என்றது. பிடிவாதம் இல்லாவிடத்தில் குற்றமும் இல்லை என்ற பழைய நியாயமே இது.

ஒன்று சொல்லாமல் முடியாது. பூணூலுக்கும் உமிழ்நீருக்கும் நூற்றுமுப்பது ஆண்டு வாதாடியவர்கள், ஒரே கோயிலில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கியதை அதே முனைப்போடு விசாரிக்கவில்லை. சாதிப் பிரிவினர் நற்கருணை வாங்குமிடத்தில் சுவரெழுப்பியது எந்தச் சத்தியத்தையும் வாயால் மறுக்காமையால் பதிதம் என்ற கணக்கில் வரவில்லை. சட்டத்தின் பெருங்குறை அது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலில் இருந்த அத்தகைய சுவரைத் திருச்சி ஆயர் பார்த் இடிப்பித்தார்; தமக்குத் தனியிடம் உரிமையென்று வழக்குத் தொடுத்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள்.