கவாத்து நாளும் மழை நாளும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து மெர்லிமாவின் திராட்சை

திராட்சை குளிர்நாட்டுப் பயிர், ஆதலால் நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பாகை வடக்கே ஆண்டெல்லாம் வெக்கை மாறாத, மலாக்கா மாநிலத்து மெர்லிமாவில் அது பழுக்காது என்ற கருத்து பரவலாக உண்டெனினும், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு அதை ஏற்க இடந்தரவில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, சில நாடுகளில் மது வடிக்கவும் பயன்படும் மஸ்கட் ஹாம்பர்க் வகையே ஆகும். உறைபனி அறியாத அம்மண்ணில் அது ஆண்டுக்கு இரு போகமேனும் விளைகிறது.

குளிர்நாடுகளில் கொடியை உறங்கவைத்து, மொட்டுகளை ஒருசேர விழிக்கச் செய்யும் பனிக்காலத்தின் வேலையைக் கம்பத்தில் கவாத்து, அதாவது முதிர்ந்த கிளைகளை அளவறிந்து வெட்டிவிடுதல், செய்கிறது. வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் குலை அறுவடைக்கு வருவதால், டிசம்பர், ஜனவரியில் வெட்டிய கொடி ஏப்ரல், மே வெயிலில் பழுக்கிறது. மே, ஜூனில் வெட்டியதோ, தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை பெரிதும் தடுத்துவிடும் மறைவில் வளர்ந்து, வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் பறிக்கப்படுகிறது.

பழுக்கும் நாள்களின் வானிலை இத்துணை கருதப்படுவதற்குக் காரணம் காயின் உள்ளே நிகழும் மாற்றமே. பச்சைக் காய் மென்மையாகி நிறமேறத் தொடங்கியதும், இலைகள் வெயிலில் ஆக்கும் சர்க்கரை அதில் சேர, புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் காயின் சுவாசத்தில் செலவழிகிறது. இரவிலும் வெப்பம் தணியாவிடில் அவ்வமிலம் விரைந்து குறைந்து, தோலின் நிறமும் வெளிறி, வடிக்கும் மது சப்பென்றாகும். எனினும் வெப்பம் தரத்தைத்தான் குறைக்கும்; பயிரை அழிப்பது மழை. பழுத்த குலையின்மேல் அது பெய்தால், வேரும் தோலும் உறிஞ்சிய நீரால் பழம் வெடித்து, வெடிப்பில் பூஞ்சை புகுந்து அழுகும். அடிச்சாம்பல் நோய் இலைகளைத் தாக்கினால் சர்க்கரை ஆக்கும் பரப்பே குன்றும்.

மலாக்காவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஓரளவு வறண்டவை. தோட்ட மக்கள் பால்மரம் என்னும் ரப்பர் மரம் இலையுதிர்ப்பதும் ஆண்டுத் தொடக்கத்து இவ்வறட்சியை ஒட்டியே. இவ்வறட்சியில் பழம் பறிக்க அக்டோபரில் கவாத்து செய்தால் தளிரும் பூவும் அக்டோபர், நவம்பர் மழையில் நனைகின்றன. தளிரைக் காக்க டிசம்பருக்குத் தள்ளினால் பழம் ஏப்ரலின் மாலை இடிமழையில் சிக்குகிறது. நான்கு மாதப் பயிருக்கு இரண்டு மாத வறட்சி போதாது. வெப்பமண்டலத்துக்கே உரிய பாலித் தீவிலும் மதுத் திராட்சை விளைவது மலை மறைவில் அமைந்த வறண்ட வடகரையில்தான் என்பது இங்கே எண்ணத்தக்கது.

எனவே மெர்லிமாவில் திராட்சை வளர்க்க முனைவோர் குளிர் இன்மை குறித்துக் கவலுவதைவிட, பந்தலுக்குமேல் ஒளி புகும் நெகிழிக் கூரை இடுவதையே முதற்செலவாகக் கொள்ளல் வேண்டும். கூரை மழையைத் தடுக்குமேயன்றி இரவு வெப்பத்தைத் தணிக்காது ஆதலின், அங்கு விளைவது உண்ணத்தக்க பழமாகலாம், நல்ல மதுவுக்கு உரியதாகாது.