ஒன்பது தடவை போட்ட கணக்கு

நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் அபாகஸ் வகுப்புக்குப் போகிறார்கள். அந்த மணிச்சட்டம் ஒரு நாட்டின் அணுகுண்டுக் கணக்குக்கும் உதவியது என்றால் நம்புவார்களா?

டெங் ஜியாசியான் 1924-இல் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் பிறந்தார். 1950-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பெற்ற ஒன்பதாம் நாளே தாய்நாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். வயது 26.

1958-இல் மூத்த விஞ்ஞானி சியான் சான்சியாங் அவரை அழைத்து அணுகுண்டுத் திட்டத்தில் சேர்த்தார். வேலை மாறுகிறது என்று மட்டும்தான் மனைவி சூ லூஷியிடம் டெங் சொன்னார். எங்கே என்றும், என்ன வேலை என்றும் சொல்லக் கூடாது. கடிதமும் எழுத முடியாது. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள்.

உதவுவதாகச் சொன்ன சோவியத் நாடு 1959-இல் பின்வாங்கியது. மறுவருடம் அதன் நிபுணர்கள் மொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள். குண்டு வெடிக்கும் தருணத்தில் உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்பதற்கு அவர்கள் சொன்ன ஒரு எண் மட்டும் மிஞ்சியது. டெங்கும் அவருடைய இளைஞர்களும் கணக்குப் போட்டால் வேறு விடை வந்தது.

வங்கியில் மாலை டேலி ஆகாவிட்டால் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பத்துப் பைசா வித்தியாசத்துக்காக ராத்திரி வரை லெட்ஜர் புரட்டியவன் நான். இவர்களோ கையால் சுற்றும் கணக்கு இயந்திரம், மணிச்சட்டம் இவற்றோடு மூன்று ஷிஃப்ட் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மொத்தம் ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே விடை. பெரிய நாட்டு நிபுணர் சொன்னது தப்பாக இருக்குமா என்று தயங்கினார்கள். 1961-இல் வந்து சேர்ந்த சோ குவாங்சாவ் என்ற இயற்பியலாளர் வேறு வழியில் போய், அந்தச் சோவியத் எண் சாத்தியமே இல்லை என்று நிரூபித்தார். ஒன்பது தடவையும் இவர்கள் போட்டதுதான் சரி!

1964 அக்டோபர் 16 அன்று லோப் நோர் பாலைவனத்தில் குண்டு வெடித்தது. 1962 போர் முடிந்து இரண்டே வருடம்; நமக்கு அது நல்ல செய்தி இல்லை. நமக்கும் குண்டு வேண்டுமா என்ற விவாதம் இங்கே சூடுபிடித்தது அதன் பிறகுதான். அந்த உழைப்பை மெச்சுகிறேன். குண்டை மெச்ச மனம் வரவில்லை. 1967 ஜூனில் ஹைட்ரஜன் குண்டும் வந்துவிட்டது.

1971-இல் அவருடைய பால்ய நண்பர், நோபல் பரிசு பெற்ற யாங் சென்னிங், அமெரிக்காவிலிருந்து வந்தார். சீனக் குண்டில் அமெரிக்கர் யாருக்காவது பங்கு உண்டா என்று கேட்டார். நண்பரிடம்கூட டெங் உடனே வாய் திறக்கவில்லை. பிரதமர் சோ என்லாயின் அனுமதி வாங்கி, இல்லை என்று கடிதம் அனுப்பினார். படித்த யாங் கண்கலங்கிவிட்டாராம்.

1979-இல் ஒரு சோதனையில் பாராசூட் விரியாமல் குண்டு தரையில் மோதிச் சிதறியது. தடுத்தும் கேட்காமல் டெங்கே போய்த் தேடி, உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். 1985-இல் மலக்குடல் புற்றுநோய் தெரியவந்தது.

1986 ஜூனில்தான் சீனப் பத்திரிகைகள் அவர் பெயரையும் அவர் செய்த வேலையையும் வெளியிட்டன. ஜூலை 29 அன்று காலமானார். வயது 62.