சேற்றில் எழுதிய சரித்திரம்

1962-இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ அரசர் முறைமையையும் குடிவழிகளையும் விரித்துக் கூறுகிறது. மழை பொய்த்த ஆண்டில் வரம்பில் நின்று வானம் பார்த்த உழவனுக்கு அதில் இடம் குறைவே. அவன் பட்ட வறட்சியை எழுதிவைத்தது இலை.

வாடைமழையில் துளிர்க்கும் இலை, நீர் ஆவியாகாதபடி தன் தோலில் மெழுகு பூசிக்கொண்டே வளர்கிறது. கச்சான் காற்று வீசும் கோடையில் பல செடிகள் அப்பூச்சைத் தடிப்பாக்குகின்றன. முற்றிய இலையில் காற்றும் புழுதியும் அதைத் தேய்த்துவிடுவதும் உண்டு. இலை மக்கிவிடும், மெழுகு எளிதில் மக்குவதில்லை. வெள்ளத்தோடு சென்று சேற்றில் படிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். அதிலுள்ள கனமான கரிம அணுக்களின் விகிதத்தை அளந்தால், மரம் செறிந்த காலம் எது, வறட்சி தாங்கும் புல் மிகுந்த காலம் எது என்பது புலனாகும்.

கோதாவரி முகத்துக்கு அப்பால் வங்கக் கடலடியில் எடுத்த சேற்றை இவ்வாறு ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, அவ்வாறு பாயும் நிலம் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,700 ஆண்டுகளுக்கு முன்வரை படிப்படியாக வறண்டதைக் காட்டிற்று. மன்னன் பெயர் ஒன்றேனும் அதில் இல்லை. உழவனும் இடையனும் நம்பியிருந்த மழையின் கணக்கு இருக்கிறது.

56 கிலோமீட்டர் நீளும் மட்டக்களப்பு வாவியின் அடியிலும் கண்ணாவும் புல்லும் உதிர்த்த மெழுகு படிந்தே கிடக்கிறது. கரையை நிரப்பி மதில் எழுப்புவோர் அந்த ஏட்டின்மேல்தான் மண் கொட்டுகிறார்கள்.