பூவுக்கு எவ்வளவு எழுதட்டும்?

மாசி பாதி கழிந்ததும் எங்கள் தெருவில் ஒரு நீள நோட்டு வீடு வீடாக ஏறி இறங்கும். திருச்சி தில்லை நகரில் தெருவுக்குப் பெயர் பெரிதில்லை, நம்பர்தான். முதல் கிராஸ், ரெண்டாவது கிராஸ் என்று எண்ணிக்கொண்டே போனால் பேட்டை முடிந்துவிடும். தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். அந்த மரத்தை நான் இங்கே பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி போர்டுகளுக்கும் டியூஷன் சென்டர் போர்டுகளுக்கும் நடுவே மிஞ்சியிருக்கிற பூச்செடிகளும் மொட்டைமாடித் தொட்டிக்குள்தான். ஆனாலும் சமயபுரம் மாரியம்மன் கோயில் பூச்சொரிதலுக்கு இந்தத் தெருவிலிருந்து வருஷம் தவறாமல் பூ போகிறது. நோட்டோடு போகிற நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: "பூவுக்கு எவ்வளவு எழுதட்டும்?"

எதிர்வீட்டுப் பாட்டி எப்போதும் இருநூறு. ஆனால் அவருக்கு ஒரு கண்டிஷன் உண்டு.

"பணம்னு எழுதாத தம்பி. மல்லின்னு எழுது. என் காசுக்கு மல்லிதான் வாங்கணும்."

"சரி பாட்டி."

நோட்டில் அவர் பெயருக்கு நேரே 'மல்லி – 200' என்று எழுதினேன். அந்த இருநூறு ரூபாய் மல்லியோடு நானும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன்.

வயலூர் தாண்டி எட்டரை, கோப்பு பக்கம் போனால் பூக்கொல்லைகள். விடிவதற்கு முன்பே பறிக்க வந்துவிடுகிறார்கள். இடுப்பில் துணியை மடியாகக் கட்டிக்கொண்டு, அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டை மட்டும் கிள்ளவேண்டும். பச்சை மாறாததைத் தொட்டால் நாளைய வரும்படி போச்சு. விட்டுவிட்டால் ராத்திரி செடியிலேயே விரிந்து, காலையில் யாருக்கும் உதவாது. நான் பார்த்த அம்மாவின் கை செடிக்குள் போய் வருவதில் ஒரு கணக்கு இருந்தது. பார்த்துப் பறிக்கவில்லை, விரல் நுனியே மொட்டின் பருமனைச் சொல்லிவிடுகிறது. கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று. ஆனால் கொல்லைக்குள் யாரும் கிலோ பேசுவதில்லை. "ரெண்டு மடி ஆச்சு", "இன்னும் அரை மடி" என்றுதான் பேச்சு.

மார்கழி, தை பனியில் மல்லி மொட்டு பிடிக்காது. விலை எங்கேயோ போய் நிற்கும். மாசி வெயில் உறைக்கத் தொடங்கியதும் செடி சிலிர்த்துக்கொண்டு மொட்டு விடுகிறது. மாசிக் கடைசி ஞாயிறில்தான் சமயபுரத்தில் முதல் பூச்சொரிதல். யார் கணக்குப் போட்டு வைத்தார்களோ, கொல்லையின் நாள்காட்டியும் கோயிலின் நாள்காட்டியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

கொல்லையிலிருந்து கிளம்பிய மூட்டை வயலூர் ரோடு, புத்தூர் வழியாக, ஏறக்குறைய எங்கள் தெருவின் முதுகை உரசிக்கொண்டு, காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போகிறது. அங்கே விற்று, அதே பாலத்தில் தில்லை நகருக்குத் திரும்பி வருகிறது. பிறகு மூன்றாவது முறையாகக் காவிரியைத் தாண்டி சமயபுரம் போகிறது. "இங்கயே இறக்கிட்டுப் போனா என்ன?" என்று ஒருமுறை வேன் டிரைவரிடம் கேட்டேன். "மார்க்கெட்டைப் பார்க்காத பூவுக்கு விலை ஏது சார்?" என்றார்.

ஸ்ரீரங்கத்துப் பூ மார்க்கெட் சாத்தார வீதியில். காலையில் அங்கே நடக்கிறவன் மூக்கால்தான் நடக்கவேண்டும். சம்பங்கி, மரிக்கொழுந்து, ஜாதி, ரோஜா எல்லாம் கலந்த வாடையில் எது எதுவென்று பிரிக்க முடியாது. தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் போட்டு அரங்கனுக்கு மாலை கட்டிக்கொடுத்த ஊர் இது. சிலைகளில் அவர் தோளில் பூக்குடலை தொங்கும். அந்தக் குடலையை இன்றைக்கு மார்க்கெட்டில் தேடினால் கிடைக்காது. சாக்கும் பிளாஸ்டிக் கூடையும்தான். இங்கே வந்ததும் மடி கிலோவாகிறது. மேல் படுதாவை விலக்கி, ஒரு கை அள்ளி, மூட்டைக்குள் நடுவில் கைவிட்டு ஈரம் பார்க்கிறார்கள். தண்ணீர் தெளித்து எடை ஏற்றியிருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

நான் கூடப் போன அந்த வருஷம் எங்களுக்குச் சனி பிடித்தது. பூச்சொரிதல் ஞாயிறும் முகூர்த்தமும் ஒன்றாக வந்து தொலைத்தன. கல்யாண மண்டபத்துக்காரர்கள் எங்களுக்கு முன்னால் வந்து மல்லியை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சத்துக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் எங்கள் பொருளாளர் நோட்டை மூடினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூடையின் அடியில் அரளி, நடுவில் செவ்வந்தி, மேலே மட்டும் மல்லி. மேலிருந்து பார்த்தால் கூடை முழுக்க மல்லிதான்.

பக்கத்தில் தலைக்குப் பூ கட்டி விற்கிறவர்களிடம் கிலோ செல்லாது, முழம்தான். முழம் என்பது பூக்காரம்மாவின் கை நீளம். என் அனுபவத்தில், விலை ஏற ஏற அந்தக் கை குட்டையாகும்.

சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் பந்தல், மைக் செட், மஞ்சள் துணி கட்டிய லாரி, அதில் அம்மன் படம். பெண்கள் மஞ்சள் புடவையில் ஆளுக்கொரு தட்டு. கூடைப் பூவோடு வீட்டுக்கு வீடு கொடுத்த தேங்காய், வேப்பிலை, எலுமிச்சம்பழம். தட்டு கிளம்பியதும் பேச்சு மாறிவிடுகிறது. "எத்தனை கிலோ?" என்று யாரும் கேட்பதில்லை. "எத்தனை தட்டு?"

சாலை ரோட்டில் போகும்போது இடது பக்கம் உறையூர், எதிரே மலைக்கோட்டை. பூ விஷயத்தில் இந்த ஊருக்குப் பழைய பயம் ஒன்று உண்டு. சாரமா முனிவர் உறையூரில் செவ்வந்தி நந்தவனம் வைத்து மலைமேல் சிவனுக்குப் பூ அனுப்பிவந்தார் என்பது தலபுராணம். வழியில் ஒருவன் அந்தப் பூவைத் திருடி ராஜாவிடம் கொடுத்தான். ராஜாவும் வாங்கி வைத்துக்கொண்டான். முனிவர் முறையிட்டும் காது கொடுக்கவில்லை. கிழக்கே பார்த்திருந்த சிவன் மேற்கே திரும்பி உறையூர்மேல் மண்மாரி பொழிந்தார். அந்தச் சிவனான தாயுமானவரின் சந்நிதி இன்றும் மேற்கு பார்த்திருக்கிறது, கொடிமரம் பின்பக்கம் நிற்கிறது. மண்மாரியில் வீடிழந்த ஜனங்கள் ஓடிப்போய் நின்றது வெக்காளியம்மனிடம். ஜனங்களுக்குக் கூரை இல்லாதபோது தனக்கும் வேண்டாம் என்று அவள் திறந்த வானத்தின் கீழே உட்கார்ந்திருக்கிறாள். சாமிக்குப் போகிற பூ திசைமாறினால் ஊரே போகும் என்று சொன்ன கதை. கூடைக்கு அடியில் அரளியை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போகும்போது நான் மலையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சத்திரம், சிந்தாமணி, 1976-இல் திறந்த காவிரிப் பாலம். மாசியில் காவிரி என்பது அநேகமாக மணல்தான். மேட்டூர் அணையை ஜனவரி 28-ஆம் தேதி வாக்கில் மூடிவிடுகிறார்கள். மாம்பழச்சாலை, திருவானைக்கோயில், பிறகு கொள்ளிடம். இங்கே 1928-இல் கட்டிய பழைய பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தபோது ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. நடக்கிறவர்கள் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறார்கள்.

இந்தப் பூ போகிற வழி, அவள் போன வழி. சமயபுரத்தாள் முதலில் ஸ்ரீரங்கத்தில் இருந்தவள் என்றும், உக்கிரம் தாங்காமல் அங்கிருந்து வடக்கே கொண்டுபோனார்கள் என்றும் சொல்வார்கள். கொண்டுபோன இடம் கண்ணனூர், 13-ஆம் நூற்றாண்டில் போசளர்கள் தமிழ்நாட்டுத் தலைநகரமாக வைத்திருந்த ஊர். கண்ணபுரத்தாள் என்று அவளை அழைப்பது அதனால்தான். அனுப்பிவிட்டாலும் உறவு விடவில்லை. தைப்பூசத்தன்று அவள் கொள்ளிடத்தின் வடகரைக்கு வருவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டுப்புடவை, மாலை, மஞ்சள், குங்குமம், பழம் என்று அண்ணன் அரங்கனின் சீர் ஆற்றைத் தாண்டி வரும். பிறந்த வீட்டுக்குள் கூப்பிடாமல் ஆற்றங்கரையில் வைத்துச் சீர் கொடுக்கிற அண்ணனைப் பற்றி எங்கள் தெருப் பெண்களுக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

நம்பர் ஒன் டோல்கேட்டில் டீக்கு நின்றோம். ராத்திரி ஒரு மணி இருக்கும். கூடை தூக்கி வந்தவர், "அண்ணே, கையை விட்டுப் பாருங்க" என்றார். விட்டேன். மேலே மொட்டு விரிந்து குளிர்ந்திருந்தது. மணிக்கட்டு வரை உள்ளே போனதும் சூடு. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி. "பூ வேகுது" என்று சொல்லி ஈரத்துணியைப் பிழிந்து போர்த்தினார், கூடையை ஒரு குலுக்கு குலுக்கினார். பறித்த பிறகும் பூ மூச்சு விடுகிறது. உள்ளிருக்கும் சர்க்கரையை எரித்துக்கொண்டு உயிரைப் பிடித்திருக்கிறது. குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் பூவே பூவை வேகவைத்துவிடும்.

அவளைக் குளிர்விக்கப் போகிற பொருள் வழியெல்லாம் வெந்துகொண்டு போகிறது.

குளிர்விப்பதற்குக் காரணம் உண்டு. முதல் பூச்சொரிதலோடு அம்மன் விரதம் தொடங்குகிறாள், பச்சைப் பட்டினி, 28 நாள். மற்றக் கோயில்களில் பக்தன் சாமிக்காகப் பட்டினி கிடப்பான். இங்கே சாமி பக்தனுக்காகக் கிடக்கிறது. அந்த நாட்களில் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும். துள்ளுமாவு என்பது ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்தது, அடுப்புக்கே போகாதது. வெயில் ஏறுகிற மாதம், அம்மை போடுகிற மாதம், அவளும் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூலவர் சுதையால் ஆனவள் என்பதால் அவளுக்கு அபிஷேகமும் கிடையாது. தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியாதவளைப் பூவால்தானே குளிர்விக்கவேண்டும்? பெரியம்மை இந்தியாவில் 1975-இல் ஒழிந்தது, 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பூக்கூடை குறைந்ததாகத் தெரியவில்லை.

சமயபுரம் நால்ரோடு வந்ததும் எங்கள் தெரு கரைந்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டு, கூடை, லாரி, மேளம். எல்லா மஞ்சள் புடவையும் ஒரே மஞ்சள். வரிசையில் நகர்ந்து உள்ளே போனபோது கூடை எங்கள் கையிலிருந்து இன்னொரு கைக்கு, அங்கிருந்து இன்னொரு கைக்கு. கடைசியாக நான் பார்த்தது கவிழ்கிற கூடையின் அடிப்பாகம். மேலே வைத்த மல்லி கீழே போனது, அடியில் ஒளித்த அரளி மேலே வந்தது. ஒரு நொடிதான். அடுத்த கூடை கவிழ்ந்தது. அதற்குப் பிறகு எங்கள் பூ, அடுத்த ஊர்ப் பூ, மல்லி, அரளி என்று எதுவும் இல்லை. குவியல். காலிக் கூடை மட்டும் எங்களுடையதா என்று தெரியாமலே எங்களிடம் திரும்பி வந்தது.

வெளியே வரும்போது குங்குமம், வேப்பிலை, அதோடு ஒரு கிள்ளுப் பூ. மடியில் தொடங்கியது கிள்ளில் வந்து நின்றது.

விடிந்து தெருவுக்குத் திரும்பினோம். நோட்டுப்படி வீடு வீடாகப் பிரசாதம். எதிர்வீட்டுப் பாட்டி குளித்துவிட்டு வாசலிலேயே நின்றிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகில் கொண்டுபோனார்.

"மணமே இல்லையே."

நான் எட்டிப் பார்த்தேன். மூன்று அரளி இதழ்.

"நான் மல்லிக்குல்ல குடுத்தேன்?"

"கூடையில எல்லாரு பூவும் கலந்துடும் பாட்டி. கைக்கு வந்ததைத்தான் குடுப்பாங்க."

"அப்ப என் மல்லி யாருக்குப் போச்சு?"

"யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போயிருக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். அரளி இதழைக் கண்ணில் ஒற்றி, அம்மன் படத்துச் சட்டத்தில் செருகினார்.

"அடுத்த வருஷம் இருநூத்தம்பதா எழுதிக்க. மல்லின்னே எழுது."