பெட்ரோல் லாரிக்கு டீசல் இன்ஜின்

எங்கள் வீட்டு வேப்பமரத்தின் கிளை ஒன்றில் சங்கிலி அறுத்த தழும்பு வெகுகாலம் இருந்தது. 1958இல் அப்பா அந்தக் கிளையில் செயின் பிளாக் கட்டித்தான் லாரியின் பெட்ரோல் இன்ஜினை வெளியே தூக்கினார். எனக்குப் பத்து வயது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்த செவர்லே, போர்டு, டாட்ஜ் வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. அப்படி வந்த ஒரு செவர்லேயை அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கி, மரத்தில் பாடி கட்டினார்கள். உப்பளத்திலிருந்து மூட்டைகளைப் பழைய துறைமுகத்துக்கு ஏற்றிப் போவதுதான் வேலை. அப்போது கப்பல்கள் கரைக்கு வராது. ஆழம் போதாததால் கடலுக்குள் பல மைல் தள்ளி நிற்கும். தோணிகள்தான் சரக்கைக் கொண்டு சேர்க்கும். தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974இல்தான்.

போர்க்காலத்தில் பெட்ரோல் ரேஷன். பஸ், லாரிகளின் பின்னால் கரி அடுப்பு பொருத்தி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். கிளீனராக இருந்த அப்பா அதற்கு ஊதுசக்கரம் சுற்றியவர். மேட்டில் வண்டி திணறினால் ஆட்களை இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்வார்களாம்.

ஐம்பதுகளில் புது டீசல் லாரிகள் வந்துவிட்டன. டெல்கோ 1954இல் டெய்ம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் தயாரித்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. எங்களுக்கு அவையெல்லாம் எட்டாத விலை. பலரும் செய்தது வேறு: பழைய பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு பெர்கின்ஸ் பி6 போடுவது. இங்கிலாந்தில் பீட்டர்பரோவில் பிறந்த இன்ஜின். சென்னையில் சிம்சன் கம்பெனி தயாரித்தது. ஆறு சிலிண்டர், 4.7 லிட்டர். அம்மாவின் செயின் அடகுக்குப் போயிற்று.

இன்ஜினைத் தாங்கும் கைகளையும், கியர்பாக்ஸோடு இணைக்கும் தட்டையும் லேத்தில் கடைந்து வாங்கினார்கள். டீசல் இன்ஜின் கனம் கூடியது. முன்பக்கப் பட்டையில் ஒன்று கூடுதலாகச் சேர்த்தார்கள். மெக்கானிக் அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். ஒரே புகை. பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. தெருவே கூடிவிட்டது.

முதல் லோடில் நானும் கேபினில் இருந்தேன். துறைமுகத்தருகே ஒரு மாட்டுவண்டி நிழலில் சுமைகாரர்கள் படுத்திருந்தார்கள். அப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் கல்லாக நின்றது. "அண்ணாச்சி, புடிக்கலயே!" என்று கத்திக்கொண்டே கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து மணலில் இறக்கினார். மாட்டுவண்டிக்கு மூன்று முழம் இருக்கும்போது நின்றது.

அன்று ராத்திரிதான் காரணம் விளங்கியது. அந்த வண்டியில் பிரேக்குக்கு வலு கொடுப்பது வாக்குவம். பெட்ரோல் இன்ஜின் கார்புரேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும்போது உறிஞ்சும் விசை தானே உண்டாகும். அதை ஒரு குழாயில் எடுத்து பூஸ்டருக்குக் கொடுத்திருந்தார்கள். டீசலில் காற்று தாராளமாக உள்ளே போகும். அந்த அளவு விசை கிடையாது. தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும். பழைய குழாயை அப்படியே இன்ஜினில் செருகிவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிட்டார்கள். பம்ப் வாங்கி பெல்ட்டில் ஓட்ட இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை வண்டி நின்றது, வட்டி நிற்கவில்லை.

புது இன்ஜினின் சுற்று வேகம் குறைவு. காலி வண்டியில்கூடப் பழைய வேகம் வராது. உப்பு லோடுக்கு வேகம் எதற்கு? 1961இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்தபோதும் வண்டி ஓடியது. கடைசியில் தீர்ந்தது இன்ஜின் அல்ல, சேஸிஸ். ஞாயிறுதோறும் நானும் தம்பியும் அடியில் படுத்துக் கழிவு ஆயில் பூசினோம். உப்பு அதையும் மீறித் தின்றது. இன்ஜினை மட்டும் ஒரு தோணிக்காரர் வாங்கிப் போனார்.

செயின் 1960இல் மீண்டது. அக்காவுக்குக் கல்யாணம் கூடிவரவே, அவள் கழுத்துக்குப் போயிற்று.